தலமரம் சடமன்று

சிவாலயங்களில் தலமரத்தைப் போற்றுதல் அறியாமையென்றும், மரம் சடமாதலின் ஒன்றை வெட்டிப் பிறிதோரிடத்துப் பத்து நடின் குறையில்லையென்றும் கூறுவார் இக்காலத்துப் பலர். அவருட் சிலர் நீறணிந்த சைவரே என்பது வருந்தத்தக்கது. அவர் கூற்று சித்தாந்தத்திற்கும் உலகியலுக்கும் ஒவ்வாது.

மரத்தின் உடல் மாயையின் காரியமாதலின் சடமே, மக்களுடலும் அத்தகையதேயன்றோ? அவ்வுடலை இடமாகக் கொண்டு வினை நுகரும் உயிரோ பசு. தொல்காப்பியனார் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிரென வகுத்தார். சைவ நூல்களும் எழுவகைப் பிறப்பினுள் தாவரத்தை ஒன்றாக வைத்தன. அற்றேல், காயும் கீரையும் உண்பதும் குற்றமாமோ எனின், உயிர் வாழ்தற்கு வேண்டுமளவு கொள்ளுதல் வேறு. வண்டி நிறுத்தவும் பந்தலிடவும் நூறாண்டு நின்றதை வீழ்த்துதல் வேறு.

இனி, வேறிடத்துப் பத்து நடுவோம் என்பார்க்கு விடை கூறுதும். செங்கற்பட்டினை அடுத்த திருக்கச்சூர்த் திருக்கோயில் ஆலக்கோயில் எனப்படுவது ஆலமரத்தால். காஞ்சியில் இறைவன் ஏகாம்பரனாதல் ஒற்றை மாமரத்தால். இம்மரங்களை வேறிடத்து நடுவார் அத்திருப்பெயர்களையும் உடன் பெயர்த்துச் செல்வரோ? திருப்போரூர் முருகனைச் சிதம்பர சுவாமிகள் பனங்காட்டிற் கண்டெடுத்தனர் என்பது தலவரலாறு. அவ்வூர்க்கு வடக்கே சிறுசேரியில் இன்று கணினித் தொழிற்பூங்காவின் மாடங்கள் ஓங்கி நிற்கின்றன. தொழில் வளர்தல் வேண்டுவதே. ஆயினும், இன்று இட்ட பனங்கொட்டை பாளை விடப் பத்தாண்டிற்கு மேலாகும் என்பதை மறத்தல் கூடாது. கலெக்டர் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாதென அரசினர் 2021-இல் அறிவித்தனர். அரசினர் உணர்ந்ததை அடியார் உணராதிருத்தல் அழகன்று.

வெட்டுவாரினும் பெருங்கேடு சூழ்வார் திருப்பணி என்னும் பெயரால் மரத்தடியைச் சிமெண்டினால் மூடும் அன்பரே. மரத்திற்கு உணவூட்டும் நுண்வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவுவன. அவற்றிற்குக் காற்றும் மழைநீரும் வேண்டும். அடிமரத்தை ஒட்டித் தளமிட்டால் இரண்டும் தடைப்படும். மேடை கட்டும்பொருட்டு வேரையும் தறித்தால் மரம் நிலைகொள்ளும் வலியை இழக்கும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையை அடுத்துக் கரை கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. புயற்காற்று அடிக்கடி வீசும் இக்கடற்கரையில் வேர் தளர்ந்த மரம் எங்ஙனம் நிற்கும்? ஆணியறைந்து விளம்பரப் பலகை மாட்டுதலும், தண்டினருகே கர்ப்பூரம் கொளுத்துதலும் வழிபாடாகா, உயிர்வதையேயாம்.

ஆதலின், திருப்பணி செய்வார் முதற்கண் தலமரத்தடியிலுள்ள சிமெண்டைப் பெயர்த்து மண்ணைத் திறந்துவிடுக, ஆணிகளைக் களைக, மழைநீர் அவ்விடத்தே சுவறுமாறு செய்க. அம்மரத்தின் வித்தாலோ போத்தாலோ கன்று வளர்த்து, அத்திருச்சுற்றிலேயே அதன் வழித்தோன்றலை நிறுத்துக. கோபுரத்திற்கு வண்ணம் தீட்டுதல் அதன் பின்னர் ஆகுக. கோபுரம் பழுதுறின் மீட்டும் எடுக்கலாம். நூறாண்டு நின்ற மரத்தை எத்துணைப் பொருள் கொடுத்தும் ஒரு நாளில் எடுத்தல் இயலாது.