சூடும் குளிரும் இரு மொழிகளில்

ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் தண்ணீர்க் குழாயின் மீது 'சி' என்னும் எழுத்துப் பொறிக்கப்பட்டிருந்தால், அதைத் திறந்தால் குளிர்ந்த நீர் வரும். ஸ்பானிஷ் வழங்கும் நாடுகளிலோ அதே எழுத்து வெந்நீரைக் குறிக்கும். குளிர்ச்சிக்கு ஆங்கிலத்தில் 'கோல்ட்', சூட்டுக்கு ஸ்பானிஷில் 'காலியெந்தே'. இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குவதே காரணம். மெக்சிகோவில் பாட்டி வீட்டில் விடுமுறையைக் கழித்துவிட்டு டெக்சஸ் மாநிலத்திற்குத் திரும்பும், எழுத்துகளை அப்போதுதான் இனங்காணத் தொடங்கியிருக்கும் ஒரு குழந்தைக்கு, எதிர்ச்சொல் என்பது பாடநூலின் ஒரு பக்கம் அன்று; கை வெந்துபோகாமல் காக்கும் அறிவு.

அமெரிக்காவில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகின்றனர். அவ்வீடுகளின் குழந்தைகளுக்கு அடுக்களையின் மொழி ஒன்று, பள்ளியின் மொழி வேறொன்று. நம் வாசகர் சிலருடைய பேரப்பிள்ளைகளும் அந்நாட்டுப் பகல்நேரக் காப்பகங்களில் ஸ்பானிஷ் பேசும் பணியாளர்களின் கையில் வளர்கிறார்கள். மூன்று மொழிகளுக்கு நடுவே அவர்கள் நிற்கிறார்கள். இத்தகைய குழந்தைகளுக்குப் பெரிது–சிறிது, மேலே–கீழே, முன்–பின் போன்ற எதிர்ச்சொற்களை எவ்வாறு கற்பிப்பது என்பது ஆசிரியர்களின் கவலை மட்டுமே என்று எண்ணிவிடுதல் தகாது. அது நோயாளியையும் நோயாளியின் பக்கத்தில் இருப்பவரையும் சார்ந்த செய்தி என்பதே எங்கள் கருத்து.

கடைகளில் விற்கும் படஅட்டைகள் இரண்டு இரண்டாகவே வருகின்றன. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் எலி. ஒரு பக்கம் பனிமனிதன், மறுபக்கம் அடுப்பு. பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் புதிய சொற்கள் இரண்டை, அதுவும் ஒன்றோடொன்று ஒட்டிய பொருளுடையவற்றை, ஒரே வேளையில் கற்பித்தால் குழந்தை அவற்றை மாற்றி மாற்றிச் சொல்லும். இடது, வலது என்று ஒன்றாகக் கற்ற பெரியவர்களே வழி சொல்லும்போது ஒரு நொடி தயங்குவதைக் காண்கிறோமே! இரு மொழிகளில் அதைச் செய்யும்போது இரண்டு சொற்கள் நான்காகின்றன. ஆகவே ஒன்றை முதலில் ஊன்றிவிட வேண்டும். 'சூடு' என்பது பாட்டியின் மொழியிலும் பள்ளியின் மொழியிலும் ஐயமின்றிப் பதிந்த பிறகு, சில நாள்கள் கழித்து, 'குளிர்' தானாக வந்து எதிரில் அமரட்டும்.

எங்கே ஊன்றுவது என்றால், வீட்டில்தான். 'அபுவேலா' என்று ஸ்பானிஷ் குழந்தைகள் அழைக்கும் பாட்டி, சூப்பை ஊதிக் கொடுத்துக்கொண்டே 'காலியெந்தே' என்கிறாள். ஆறிய பின்னர் 'ஃப்ரீயா' என்கிறாள். மறுநாள் ஆறிப்போன காப்பியைப் பார்த்து அவளே 'ஃப்ரீயோ' என்கிறாள். சூப் அம்மொழியில் பெண்பால், காப்பி ஆண்பால். ஆதலால் குளிருக்குரிய சொல்லின் ஈறு மாறுகிறது, சூட்டுக்குரிய சொல்லோ மாறுவதில்லை. இதை எந்த அட்டையும் சொல்லித் தராது. நூறு வேளை உணவில் குழந்தை தானே கேட்டு அறிந்துகொள்கிறது. மாலையில் தந்தை குளிப்பாட்டும்போது ஆங்கிலத்தில் பேசுவாராயின், அதே சூடும் குளிரும் நீரின் வழியாக மறுபடியும் வருகின்றன. அவரவர் தமக்கு இயல்பான மொழியில் பேசினால் போதும். பாட்டி ஆங்கிலத்தையும் தந்தை தடுமாறும் ஸ்பானிஷையும் வலிந்து பேச வேண்டியதில்லை.

குளிப்பறையைப் பற்றிச் சொல்லும்போதே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல் தெரிந்த குழந்தையும் நழுவிக் குழாயைத் திருப்பிவிடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் வீட்டு வெந்நீர்க் கொதிகலனை 120 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 49 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைக்கலாகாது என்று அறிவுறுத்துகின்றனர். எதிர்ச்சொல் அந்த எச்சரிக்கைக்கு மாற்று ஆகாது.

இரு மொழிகளின் எதிர்ச்சொற்கள் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்துவதும் இல்லை. ஆங்கிலத்தில் 'ஹாட்' என்பது சூட்டுக்கும் காரத்துக்கும் ஒரே சொல். ஸ்பானிஷில் சூட்டுக்குக் 'காலியெந்தே', காரத்துக்குப் 'பிக்காந்தே'. நம் தமிழைப் போலவே பிரித்துச் சொல்கிறார்கள். ஆங்கிலம் மட்டும் கேட்ட குழந்தை, மிளகாய்ச் சாந்து ஆறட்டும் என்று காத்திருந்தாலும் வியப்பில்லை. நீளமானதற்கும் நெடியதற்கும் எதிராக ஆங்கிலம் 'ஷார்ட்' என்னும் ஒரே சொல்லை வைத்திருக்க, ஸ்பானிஷ் 'லார்கோ'வுக்குக் 'கோர்தோ'வையும் 'ஆல்தோ'வுக்குப் 'பாஹோ'வையும் வைத்திருக்கிறது. இந்த இடத்தில் தமிழ் ஆங்கிலத்தின் பக்கம் சாய்கிறது. சட்டையும் குட்டை, ஆளும் குட்டை. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்விக்கும் முறை இங்கேதான் முறிந்துபோகிறது.

இனி மருத்துவமனைக்கு வருவோம். 'வலி கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?' என்று மூன்று வயதுக் குழந்தையிடம் கேட்பது எல்லா வார்டுகளிலும் நாள்தோறும் நடக்கிறது. 1968ஆம் ஆண்டில் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளிடம் 'எதில் குறைவு?' என்று கேட்டபோது, பலர் கூடுதலாக இருந்ததையே காட்டினர். அதற்கான விளக்கத்தைப் பின்வந்த ஆய்வாளர்கள் மறுத்து வாதிட்டிருக்கின்றனர். ஆயினும் 'கூடுதல்' முதலிலும் 'குறைவு' பிந்தியும் கைவருவது பெற்றோர் யாவரும் அறிந்ததே. ஸ்பானிஷ் குழந்தையும் 'மாஸ்' என்று தட்டை நீட்டக் கற்று வெகுநாள் கழித்தே 'மேனோஸ்' என்பதைப் பிடித்துக்கொள்கிறது. எனவே 'குறைந்திருக்கிறதா?' என்ற கேள்விக்குக் குழந்தை தலையசைப்பதை வைத்து மருந்தின் அளவை முடிவு செய்வது சரியன்று. சிரித்த முகத்திலிருந்து அழும் முகம் வரை ஆறு முகங்களைக் காட்டும் வாங்–பேக்கர் அளவுகோல் இதற்காகவே உள்ளது. அதையும் மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்கே பயன்படுத்துகிறார்கள்.

வலியைச் சொல்லும் முறையில் ஸ்பானிஷுக்கும் தமிழுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. 'மே துயெலே லா கபேசா' என்றால் 'எனக்குத் தலை வலிக்கிறது'. இரு மொழிகளிலும் தலைதான் வலிக்கிறது, அது எனக்கு நேர்கிறது. ஆங்கிலத்தில் மனிதன் தலைவலியை உடையவனாக இருக்கிறான். பள்ளியில் அந்த மொழியைக் கற்ற குழந்தையும், காய்ச்சல் முற்றிய இரவில் வீட்டு மொழிக்கே திரும்புகிறது. அச்சமும் வலியும் வரும்போது முதலில் கேட்ட சொற்களே வாயில் வருகின்றன.

ஆகையால்தான், குழந்தைக்குப் பேச்சுத் தாமதம் என்றவுடன் 'வீட்டு மொழியை நிறுத்துங்கள், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்' என்று கூறப்படும் அறிவுரையை நாங்கள் ஏற்பதில்லை. அயலாரும் உறவினரும் சொல்கிறார்கள். சில வேளைகளில் அறிந்தவர்களும் சொல்லிவிடுகிறார்கள். இருமொழிச் சூழல் பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை என்பதைப் பேச்சு, மொழி வல்லுநர்களின் அமெரிக்கச் சங்கம் தெளிவாகவே கூறிவருகிறது. டவுன் நோய்க்குறி உடைய குழந்தைகளிலும், இருமொழி கேட்டு வளர்வோர் ஒருமொழி கேட்டு வளர்வோரைவிடப் பின்தங்குவதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. குழந்தை 'மாஸ் மில்க்' என்று கலந்து பேசுவது குழப்பம் அன்று. இரு பெட்டிகளிலிருந்தும் கைக்குக் கிடைத்ததை எடுக்கிறது, அவ்வளவே. வீட்டு மொழியை நிறுத்தினால் உண்மையில் நிற்பது பாட்டியின் பேச்சு. நோயுற்ற குழந்தையோடு பகல் முழுதும் கட்டிலருகே அமர்ந்திருப்பவள் பெரும்பாலும் அவளே. அவள் வாயை அடைத்துவிட்டுக் குழந்தையின் வாயைத் திறக்க முயல்வது எப்படிப் பொருந்தும்?

இன்னொரு பக்கமும் உண்டு. இரு மொழி அறிந்த குழந்தையைப் பெரியவர்கள் மொழிபெயர்ப்பாளராக்கிவிடுகிறார்கள். எட்டு வயதுச் சிறுமி தாயின் நோயை மருத்துவரிடம் சொல்ல நேர்கிறது. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் 2016இல் வகுக்கப்பட்ட விதிகள், அவசர நிலை தவிர, சிறுவர்களை இவ்வாறு பயன்படுத்துவதைத் தடுத்தன. அது சரியே. ஆங்கிலத்தில் 'ஒருமுறை' என்று பொருள்படும் 'ஒன்ஸ்' எழுத்துக்கு எழுத்து அப்படியே ஸ்பானிஷில் 'ஒன்ஸே' ஆகி, 11 என்னும் எண்ணைக் குறிக்கிறது. மருந்துச் சீட்டில் இச்சொல்லை மாற்றிப் படித்தால் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. அந்தச் சுமை குழந்தையின் தோளில் ஏறலாகாது.

குழந்தைக்கு வேண்டிய சொற்கள் சிலவே. சாப்பிடுவதற்கு முன், சாப்பிட்ட பின்; வாயைத் திற, மூடு; எழுந்திரு, படுத்துக்கொள். இவற்றை வீட்டில் விளையாட்டாகச் சொல்லிப் பழகியிருந்தால், சேர்க்கை நாளன்று செவிலியரின் குரல் அவ்வளவு அந்நியமாக ஒலிக்காது. குழந்தையை அனுமதிக்க வரும்போது, அது வீட்டில் வலிக்கு, தண்ணீருக்கு, 'போதும்' என்பதற்கு, 'இன்னும்' என்பதற்கு என்னென்ன சொல்கிறது என்பதை எந்த மொழியாயினும் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவைத்தால், இரவுப் பணிக்கு வருபவரும் படித்துக்கொள்வார்.