உடல்மொழி பேசுவோர் கவனத்திற்கு

2002இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு வெளிவந்தபோது, பெண்ணுடலை யார் பெயரிடலாம், எப்படிப் பெயரிடலாம் என்று இலக்கியச் சூழல் கொந்தளித்தது. நானும் ஒரு தரப்பில் நின்று வாதிட்டவன்தான். அத்தனை வாதங்களிலும் ‘கருப்பை வாய்’ என்ற சொல்லை வாசித்ததாக எனக்கு நினைவில்லை. அந்த உறுப்பில் தோன்றும் புற்றுநோயால் 2022இல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 80,000 பெண்கள் இறந்திருப்பார்கள் என்கிறது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு.

இந்த மௌனத்துக்குக் காரணம் அறியாமை அன்று, ஒழுக்கப் பாசாங்கு. நோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸ் பாலுறவின் வழியே பரவுவது என்று தெரிந்ததுமே, ‘நம் வீட்டுப் பெண்களுக்கு அதெல்லாம் வராது’ என்று கதவைச் சாத்திவிடுகிறோம். உண்மையோ வேறு. மணவாழ்வில் இருக்கும் ஆண், பெண் பெரும்பாலோரை இது எப்போதேனும் தொற்றுகிறது. பத்தில் ஒன்பது தொற்றுகளை உடலே இரண்டாண்டுகளுக்குள் விரட்டிவிடும். எஞ்சிய சிலரிடம் 16, 18 போன்ற வகைகள் தங்கி, 15 முதல் 20 ஆண்டுகளில் புற்றாக முற்றுகின்றன. கணவனையன்றி வேறெவரையும் அறியாத மனைவிக்கும் இது வரும். வைரஸ் எவருடைய கற்பையும் விசாரிப்பதில்லை.

இந்த நீண்ட அவகாசமே நமக்கு வாய்த்த வரம். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, நிறமாற்றத்தைக் கண்ணால் பார்த்தனர். தேவைப்பட்டோருக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. ஒரே ஒரு முறைதான். ஒப்பீட்டுக் குழுவைவிட இந்நோய் மரணங்கள் 35 விழுக்காடு குறைந்திருந்ததை 2007இல் ‘லான்செட்’ வெளியிட்டது. நம் ஊரில் விளைந்த இந்த அறிவை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

தடுப்பூசி என்றதும் கம்மத்தில் 2009இல் தொடங்கிய திட்டத்தை நண்பர்கள் நினைவூட்டுவார்கள். நியாயமே. பெற்றோரைக் கேளாமல் விடுதிக் காப்பாளர்கள் கையொப்பமிட்டது மன்னிக்கவியலாத அத்துமீறல். ஆனால் சிறுமியரின் மரணங்களுக்கு ஊசியே காரணமென விசாரணைக் குழு காணவில்லை. அத்துமீறலைக் கண்டிப்பது வேறு. 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கிடைக்கக்கூடிய காப்பை மறுப்பது வேறு. ஊசி போட்டுக்கொண்டவர்களும் 30 வயதுக்குப் பின் சோதனைக்குச் செல்லவேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இதை எழுதுமுன் என் மனைவியிடம் கேட்டேன், சோதனை செய்துகொண்டதுண்டா என்று. “ஒருமுறைகூட இல்லை. நீங்கள் கேட்டதும் இதுதான் முதல்முறை” என்றாள். இருபதாண்டுகளாக உடலரசியல் பேசிவரும் வீடு இது.