வரி கட்டத் தமிழன். வரிச்சட்டம் படிக்க ஆங்கிலமா?

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியன உழைப்பால் பெயர் பெற்ற ஊர்கள். 1964-இல் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் கடைசல் பொறிகளும் ஆவடியின் கனவூர்தித் தொழிற்சாலையும் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டன. இன்று அதே ஊர்களில் வேறொரு வகை உழைப்பாளரும் தோன்றியுள்ளனர். வீட்டின் ஓர் அறையில் கணிப்பொறிமுன் அமர்ந்து, அமெரிக்க நிறுவனத்திற்கு மென்பொருளும் செருமானிய நிறுவனத்திற்குப் பொறி வரைபடமும் ஆக்கித் தருவோர் இவர்கள். இவர்கள் எவர்க்கும் பணியாளர் அல்லர், ஒப்பந்த உழைப்பாளர். வைப்பு நிதி இல்லை; சம்பள விடுப்பு இல்லை; வரிக்கணக்கைப் பார்த்துத் தர முதலாளியும் இல்லை. கடல் கடந்த பணம் கணக்கில் விழுந்த நொடியிலிருந்து சட்டத்தின்முன் இவர் தனியராக நிற்கின்றார்.

அந்தச் சட்டம் பேசும் மொழி எது? ஆங்கிலம்! இவர்கள் ஆங்கிலம் அறிந்தவர்தாமே எனலாம். தொழிலுக்கான ஆங்கிலம் வேறு. சட்டத்தின் ஆங்கிலம் வேறு. முன்னதில் வல்லவரும் பின்னதன்முன் மருண்டு, தரகர் சொன்னதே சட்டம் என்று நம்பிவிடுகின்றனர். “நிறுமம் தொடங்கினால்தான் அயல்நாட்டுப் பணம் பெறலாம்” என்று ஒரு தரகர் சொல்கின்றார். “வெளிநாட்டில் நிறுமம் தொடங்கினால் வரியே இல்லை” என்கின்றார் இன்னொருவர். இரண்டும் பொய்.

அச்சட்டம் தமிழில் சொல்ல முடியாத அளவு அரியதா? சொல்லிப் பார்ப்போருக்கு உண்மை விளங்கும்.

தனியாள் தம் பெயரிலேயே அயல்நாட்டிற்குப் பணி செய்து பணம் பெறலாம். மக்கள் சரக்கு சேவை வரி என வழங்கும் சரக்கு-பணி வரி 2017 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. பணி செய்வோரின் ஆண்டு வரவு 20 இலக்கம் உரூபாவைத் தாண்டாதவரை அதில் பதிவு தேவையில்லை. தாண்டினால் பதிவு கட்டாயம். ஆயினும் ஏற்றுமதிப் பணிக்கு வரி சுழியமே. ஒவ்வொரு நிதியாண்டும் உறுதிமொழி மடல் ஒன்று அளித்தால் போதும். அளிக்காதவர் 18 விழுக்காடு வரியை முன்கட்டிப் பின்னர்த் திரும்பப் பெற அலைய வேண்டும். அதுவும், பணி பெறுவோர் அயல்நாட்டில் இருக்க வேண்டும். பணம் அயல்நாட்டுச் செலாவணியாக, அல்லது நடுவண் வைப்பகம் இசைந்தவிடத்து உரூபாவாக வர வேண்டும். அமெரிக்கப் பெயர் தாங்கிய நிறுவனமே எனினும், அதன் சென்னைக் கிளைக்குப் பணி செய்தால் அஃது ஏற்றுமதி ஆகாது. இந்த ஒரு வரியை அறியாமல் வரியும் வட்டியும் தண்டமும் சேர்த்துக் கட்ட நேர்ந்தால், அஃது உழைப்பின் குற்றமா, மொழியின் குற்றமா?

அடுத்தது வருமான வரி. பொறியியல், தொழில்நுட்ப அறிவுரை, கணக்கியல், தகவல் தொழில்நுட்பம் போன்ற, சட்டம் குறித்த தொழில்களைச் செய்வோர், ஆண்டு வரவு 50 இலக்கம் வரை, ரொக்க வரவு 5 விழுக்காட்டுக்கு மேற்படாவிடின் 75 இலக்கம் வரை, வரவில் பாதியையே வருவாயாகக் காட்டலாம். விரிவான கணக்கேடு தேவையில்லை. முன்வரியையும் மார்ச்சு 15-க்குள் ஒரே தவணையாகக் கட்டலாம். ஆண்டுக்கு 24 இலக்கம் பெறும் அம்பத்தூர்ப் பொறியாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோர்க்குக் கணக்கு எளிது. பாதி, 12 இலக்கம். வேறு வருவாய் இல்லையெனின், 2025-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் வகுத்தபடி, புதிய வரிமுறையில் அவர் கட்ட வேண்டிய வருமான வரி ஒன்றுமில்லை!

அவரே தரகர் சொற்கேட்டு நிறுமம் தொடங்கினால்? 2013-ஆம் ஆண்டின் நிறுமச் சட்டம் ஒருவர் நிறுமத்துக்கும் வழி தந்துள்ளது என்பது உண்மை. ஆனால் அந்தப் பாதிக் கணக்கு நிறுமத்திற்கு இல்லை. இயக்குநர் சம்பளமும் பிற செலவும் போக மிஞ்சும் தொகையில், குறைந்த வரியைத் தெரிந்தெடுத்தாலும், மேல்வரிகளுடன் ஏறத்தாழ 25 விழுக்காடு கட்ட வேண்டும். வேலை நடந்தாலும் நடவாவிடினும் ஆண்டுதோறும் தணிக்கை வேண்டும். ஆண்டுக் கணக்கைப் பதியத் தவறினால் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 உரூபா ஏறிக்கொண்டே போகும். பங்காளிகள் சேரும்போதும், ஆள்வைத்துத் தொழில் பெருக்கும்போதும், இழப்பு வந்தால் வீடு வாசல் போகாமல் காக்க வேண்டியபோதும் நிறுமம் நல்லதே. தேவை வருமுன் தொடங்குவது, மழைக்கு முன்னரே குடை பிடித்துக் கை வலிப்பதாகும்.

வெளிநாட்டு நிறுமம் என்னும் மாயையும் தெளிய வேண்டும். எசுத்தோனியா 2014 முதல் அயலார்க்கு மின்-குடியிருப்பு அட்டை தருகின்றது. அதைக்கொண்டு அங்கே நிறுமம் தொடங்கலாம். ஆனால் அவ்வட்டை வரி இருப்பிடத்தை மாற்றாது. ஆவடியில் வாழ்பவர் உலகின் எம்மூலையில் ஈட்டினாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். அயல்நாட்டுச் சொத்தை வரிக்கணக்கில் காட்டத் தவறினாலே, 2015-ஆம் ஆண்டின் கருப்புப்பணச் சட்டப்படி 10 இலக்கம் உரூபா தண்டம் விதிக்கப்படலாம்.

அந்த எசுத்தோனியாவிடம் கற்க வேண்டியது வேறொன்று. அந்நாட்டு மக்கள்தொகை ஏறத்தாழ 13 இலக்கமே. எனினும் அவர்தம் ஆட்சிமொழி எசுத்தோனியம். அவர்தம் வரிச்சட்டமும் எசுத்தோனியமே. உலக வணிகர்க்கு ஆங்கிலத்தில் விளக்கம் தருகின்றனர். தம் குடிகளுக்குத் தம் மொழியில் சட்டம் தருகின்றனர். அயல்நாட்டாரோடு வணிகம் செய்வோர்க்கு ஆங்கிலமே போதும் என்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும். வாடிக்கையாளரோடு அவர் மொழியில் பேசுவது வணிகம். தன் அரசோடு தன் மொழியில் பேசுவது உரிமை.

இவ்வுரிமைக்குச் சட்டத்தில் இடமில்லையா? உண்டு. குறைநீக்கம் வேண்டி எந்த அலுவலருக்கும் நாட்டில் வழங்கும் எம்மொழியிலும் முறையிடலாம் என்கின்றது அரசமைப்புச் சட்டத்தின் 350-ஆம் பிரிவு. நடுவண் சட்டங்களின் மாநில மொழிபெயர்ப்பு, குடியரசுத் தலைவரின் ஆணைப்படி வெளியிடப்பெற்றால், அதுவே சான்றுறுதி பெற்ற பாடமாகும் என்கின்றது 1973-ஆம் ஆண்டின் சட்டம். நிறுமத்தின் பெயர்ப்பலகை அவ்வூர் மொழியின் எழுத்திலும் இருக்க வேண்டும் என்கின்றது நிறுமச் சட்டம். 1976-இன் ஆட்சிமொழி விதிகளோ தமிழ்நாடு நீங்கலாகவே செல்லும் என்று தம் முதல் வரிகளிலேயே கூறுகின்றன. இந்தி வரவில்லை, நன்று. ஆனால் அவ்விடத்தில் தமிழ் அமர்ந்ததா? தமிழ் முகப்பு ஓரிரு இடங்களில் தென்பட்டாலும், நிறுமப் பதிவுப் படிவமும் வரி அலுவலரின் அறிவிப்பும் ஆங்கிலத்தில்தாமே வருகின்றன!

ஆகவே செய்ய வேண்டியவை மூன்று. வரிச் சட்டங்களையும் அவற்றின் படிவங்களையும் சான்றுறுதி பெற்ற தமிழ்ப் பாடமாக நடுவணரசு வெளியிட வேண்டும். மாநில வணிகவரித் துறை அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் தமிழில் வழிகாட்டும் இருக்கைகளைத் திறக்க வேண்டும். உழைப்போரும் தம் பங்கைச் செய்ய வேண்டும்: நிறுமம் தொடங்கின் அதற்குத் தமிழ்ப்பெயர் சூட்டுக, தமிழில் கணக்கெழுதுக, வந்த அறிவிப்புக்கு விளக்கம் வேண்டித் தமிழில் முறையிடுக. ஆயிரம் தமிழ் முறையீடுகள் மேசையில் குவிந்தால், தமிழறிந்த அலுவலரை அமர்த்தாமல் எத்துறையும் நடவாது.

வரி கொடுப்பது குடிமகன் கடன். எதற்குக் கொடுக்கின்றோம், எவ்வளவு கொடுக்கின்றோம் என்பதை அவன் தாய்மொழியில் சொல்வது அரசின் கடன். முதற்கடனைத் தமிழன் ஆண்டுதோறும் தீர்த்துவருகின்றான். இரண்டாம் கடனைக் கேட்டுப் பெறுக!