லத்தியும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம்

மதிப்பிற்குரிய மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சர் அவர்களுக்கு,



2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவை, பாலியல் தொழில் சட்டபூர்வமாகிவிட்டது என்று சில ஊடகங்கள் கொண்டாடின, சிலர் திட்டித் தீர்த்தார்கள். இரு தரப்பாரும் உத்தரவைப் படித்ததாகத் தெரியவில்லை. வயதுவந்த பெண் தன் சம்மதத்தோடு இத்தொழிலில் இருந்தால் போலீஸ் தலையிடக் கூடாது, விடுதிச் சோதனையில் அவளைக் கைது செய்யக் கூடாது என்று நீதிமன்றம் அமைத்த குழு பரிந்துரைத்திருந்தது. இந்த இரண்டிலும் மத்திய அரசு தயக்கம் காட்டியதால் அவை கட்டளையாகவில்லை. ஆணுறையைக் குற்றத்துக்குச் சான்றாக்கக் கூடாது என்பது போன்றவை மட்டும் தேறின.

இந்தியாவில் பாலியல் தொழில் தன்னளவில் குற்றமில்லை. ஆனால் 1956ஆம் ஆண்டு விபசாரத் தடுப்புச் சட்டத்தின்படி இரண்டு பெண்கள் பாதுகாப்புக்காக ஒரே வீட்டில் சேர்ந்து தொழில் செய்தால் அது விபசார விடுதி. 18 வயது கடந்த மகன் அம்மாவின் வருமானத்தில் கல்லூரியில் படித்தால், 4ஆம் பிரிவு அவனை 2 ஆண்டுவரை உள்ளே தள்ளலாம். தனியாக இரு, யாருக்கும் சோறு போடாதே என்பதுதான் சட்டம் அவளுக்குச் சொல்வது.

உடல் அவளுடையது, சம்மதம் இருவருடையது, இதில் அரசுக்கு என்ன வேலை என்று சுதந்திரவாதிகள் கேட்கிறார்கள். அந்த அணியின் பொருளியலாளர் வால்டர் பிளாக், 1976இல் எழுதிய நூலில் தரகருக்கும் சேர்த்தே வக்காலத்து வாங்கினார். அங்கே நான் கழன்றுகொள்கிறேன். கடன் கொடுத்துப் பெண்ணைக் கட்டிப்போடுகிறவனிடம் ஒப்பந்த தர்மம் பேச முடியாது. வறுமை தள்ளிவிட்டதைச் சம்மதம் என்பதா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். செங்கல் சூளைக்கும் வறுமைதான் தள்ளுகிறது. அங்கே கல் சுமக்கும் பெண்ணை நாம் கைது செய்வதில்லையே.

அப்படியானால் உரிமம் கொடுத்து, மருத்துவச் சோதனை வைத்து ஒழுங்குபடுத்தலாம் என்று அதிகாரிகள் ஒரு கோப்பை நீட்டக்கூடும். வெள்ளைக்காரன் 1868லேயே இங்கே சட்டம் போட்டு அதைச் செய்து பார்த்தான். கட்டாயப் பதிவு, கட்டாயச் சோதனை, நோய் தெரிந்தால் பூட்டிவைக்கும் மருத்துவமனை. 1888இல் அந்தச் சட்டம் ரத்தானது. ஜெர்மனி 2017இலிருந்து பதிவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நம் ஊரில் எந்தப் பெண் தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நின்று பேர் கொடுப்பாள்? கொடுத்தவளிடம் 'கார்டை எடு' என்று கேட்டு மாமூல் வாங்க இன்னொரு வழி பிறக்கும், அவ்வளவுதான்.

நியூசிலாந்து 2003இல் வேறு வழியில் போனது. 60க்கு 59 என்று மயிரிழையில் நிறைவேறிய சட்டம் அது. நான்கு பேர்வரை சேர்ந்து, தலைக்கு மேல் முதலாளி இல்லாமல் நடத்தினால் எந்தச் சான்றிதழும் தேவையில்லை. 18 வயதுக்குட்பட்டவரிடம் போகிற வாடிக்கையாளருக்கு 7 ஆண்டுவரை சிறை. 2014இல் ஒரு பெண், தன்னைச் சீண்டிய விடுதிக்காரர் மீது தீர்ப்பாயம் போய் இழப்பீடு வாங்கினாள். அங்கே வழக்குப் போட்ட அவளைக் குற்றவாளியாகப் பார்க்கச் சட்டத்தில் இடமில்லை. (தற்காலிக விசாவில் வந்தவர்களுக்கு மட்டும் அந்நாடு இன்றும் கதவைச் சாத்துகிறது. அவர்கள்தானே தரகரிடம் எளிதில் சிக்குவார்கள்?)

கடத்தல், சிறார், கட்டாயம் இம்மூன்றிலும் உங்கள் கை இரும்பாகவே இருக்கட்டும். 4ஆம் பிரிவிலிருந்து பெற்றோரையும் பிள்ளைகளையும் விலக்க நாடாளுமன்றம் கூட வேண்டும், அதற்கு நாளாகும். ஆனால் போலீஸ் தலையிடக் கூடாது, கைது செய்யக் கூடாது என்ற அந்த இரண்டு பரிந்துரைகளுக்கும் அரசு சம்மதிக்கிறது என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்ல ஒரு பிரமாணப் பத்திரம் போதும்.

இப்படிக்கு,
ஒரு குடிமகன்