திரும்பப் பெற முடியாத உணவு

2008-09இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் நிலக்கடலை வெண்ணெயில் சால்மோனெல்லா பாக்டீரியா கலந்து, 46 மாநிலங்களில் 714 பேர் நோயுற்றனர். ஒன்பது பேரின் மரணம் அதனுடன் தொடர்புபடுத்தப்பட்டது. 3,900-க்கும் மேற்பட்ட பொருள்கள் திரும்பப் பெறப்பட்டன. கிருமி இருப்பது தெரிந்தே சரக்கு அனுப்பப்பட்டது நீதிமன்றத்தில் நிரூபணமாகி, நிறுவனத் தலைவருக்கு 2015இல் 28 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இதில் நான் காண்பது ஒரு கணக்கு. பரிசோதனைச் செலவு ஆலையின் ஏட்டில் ஏறுகிறது. மருத்துவச் செலவோ, முகமறியாத குடும்பங்களின் தலையில் விழுகிறது. விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறிய வழியில்லாத சந்தையில் நேர்மைக்கு விலை கிடைப்பதில்லை. அந்த இடைவெளியை அரசுதான் நிரப்ப வேண்டும். அதனால்தான் அமெரிக்கா 2011இல், பாதிப்புக்குப் பின் நடவடிக்கை என்பதிலிருந்து முன்தடுப்புக்குத் தன் சட்டத்தை நகர்த்தியது.

இந்தியாவிலும் உணவைத் திரும்பப் பெறுவதற்கான விதிமுறைகள் 2017இல் வந்தன. ஆனால், பொட்டலமும் பேட்ச் எண்ணும் உள்ள பொருளைத்தான் தேடிப் பிடிக்க முடியும். உதிரியாக விற்கும் பாலுக்கும் தள்ளுவண்டிச் சட்னிக்கும் ஏது எண்? உண்டு முடித்தபின் திரும்பப் பெற என்ன மிஞ்சும்?

ஆகவே, நம் சூழலில் முன்தடுப்பே முதன்மையானது. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பாக்டீரியா வேகமாகப் பெருகும். சமைத்ததைச் சூடாகவோ குளிராகவோ வைக்க வேண்டும். கடைத்தெருக்களில் தூய குடிநீர்க் குழாயும் கைகழுவும் வசதியும் அமைப்பது உள்ளாட்சிகளின் கடமை. அபராதம் மட்டும் விதித்துவிட்டு, கைகழுவத் தண்ணீர் தராத நிர்வாகம் நோயைத் தடுப்பதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.