தரவைப் பிள்ளைகளே திரட்டட்டும்

ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வார இறுதி வகுப்பு நடத்தும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது: தொடக்கப்பள்ளியில் தரவுப் பாடம், அச்சிட்ட அட்டவணையைப் பார்த்துப் பட்டை வரைவதோடு முடியக் கூடாது. எதை எண்ணுவது, எப்படி எண்ணுவது என்று பிள்ளைகளே முடிவெடுப்பதிலிருந்து அது தொடங்க வேண்டும். பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. ஜெர்மன் மாநிலக் கல்வி அமைச்சர்கள் 2004இல் வகுத்த தொடக்கநிலைக் கணிதத் தரநிலைகளிலேயே தரவும் நிகழ்தகவும் தனிப் பகுதியாக உள்ளன. தமிழ்நாட்டுப் பாடநூலிலும் ‘தகவல் செயலாக்கம்’ உண்டு. எண்கள் எங்கிருந்து வந்தன என்ற கேள்விதான் வகுப்பறையில் விடுபட்டுப் போகிறது.

‘பள்ளிக்கு எப்படி வருகிறாய்?’ என்ற எளிய கணக்கெடுப்பையே எடுத்துக்கொள்வோம். டிராம், சைக்கிள், கார், நடை என நான்கு வரிசை போட்டு நேர்க்கோட்டுக் குறி இடத் தொடங்கியதுமே சிக்கல் வரும். ஃபிராங்கெபிளாட்ஸ் நிறுத்தம் வரை டிராமில் வந்து மீதித் தூரத்தை நடக்கும் பிள்ளையை எந்த வரிசையில் சேர்ப்பது? மழை நாளில் மட்டும் காரில் வருபவளை? இதற்கு விடை புத்தகத்தில் இல்லை. வகுப்பே பேசித் தீர்மானிக்க வேண்டும். தீர்மானம் மாறினால் பட்டையின் உயரமும் மாறும். இதைத் தன் கையால் செய்து பார்த்த பிள்ளை, பின்னாளில் நாளிதழில் ஒரு விளக்கப்படத்தைக் கண்டால், யாரை எண்ணினார்கள், யாரை விட்டார்கள் என்று கேட்கும். ஊரிலேயே இன்னோர் உதாரணம் இருக்கிறது. 2013 ஜூன் வெள்ளத்தில் ட்ரோத்தா நீர்மட்ட அளவுகோலில் சாலே ஆறு 8 மீட்டரைத் தாண்டியது. அது ஆற்றின் ஆழம் அல்ல; அளவுகோலின் சுழியப் புள்ளியிலிருந்து நீர்மட்டம் நின்ற உயரம். அந்தச் சுழியப் புள்ளி எங்கே என்று தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியாது.

கவனமாகக் குறித்து வைத்தது எவ்வளவு காலம் உழைக்கும் என்பதற்கு இந்த ஊருக்கும் தமிழகத்துக்கும் பொதுவான சான்று ஒன்று உண்டு. ஹாலேயின் ஃபிராங்கெ நிறுவனங்களோடு தொடர்புடைய மிஷனரிகள் 1730களில் சென்னையில் வானிலையைக் குறித்து வைத்தார்கள். இரண்டரை நூற்றாண்டுக்குப் பிறகு காலநிலை ஆய்வாளர்கள் அக்குறிப்புகளைக் கொண்டு அக்காலச் சென்னையின் வானிலையை ஆராய முடிந்தது.

அடிப்படைக் கணக்கே தடுமாறும்போது இதற்கு ஏது நேரம் என்பார்கள். 2021இல் ஜெர்மனியில் நடந்த நாடளாவிய மதிப்பீட்டில் நான்காம் வகுப்பினரின் கணிதத் திறன் சரிந்திருந்தது உண்மை. அந்தக் கவலை எங்களுக்கும் உண்டு. ஆனால் ஐந்தைந்தாகக் குறியிட்டுக் கூட்டுவதும், வித்தியாசம் காண்பதும், அளவுத்திட்டம் தேர்வதும் அதே கணக்குகள்தான். இங்கே அவற்றைப் போடப் பிள்ளைக்கு ஒரு காரணமும் கிடைக்கிறது. தனியுரிமை குறித்த ஆட்சேபணை இதைவிட வலுவானது. அதை அப்படியே ஏற்கிறோம். குடும்ப வருமானம், உடல் எடை, மதம் போன்றவற்றை வகுப்பறையில் எண்ணவே கூடாது. தாள்களில் பெயர் இருக்கக் கூடாது. எதைக் கேட்கக் கூடாது என்று தெரிந்துகொள்வதும் இந்தப் பாடத்தின் பகுதியே.

இரண்டாம் வகுப்பு முதல் ஆண்டுக்கு ஒரு முறையேனும், கேள்வியில் தொடங்கி விளக்கத்தில் முடியும் முழு ஆய்வு ஒன்றை ஒவ்வொரு வகுப்பும் செய்ய வேண்டும் என்று பள்ளிகளைக் கேட்டுக்கொள்கிறோம். அதே வேலையை எங்கள் வகுப்புகளில் தமிழில் செய்ய நாங்களும் பொறுப்பேற்கிறோம்.