பரிசு: பொன்னாடையா, விதைநெல்லா?

ஆராய்ச்சியையும் போதனையையும் ஒன்றாக இணைத்துப் பணியாற்றும் பல்கலைக் கழக ஆசிரியருக்குத் தனிப் பரிசொன்று வழங்கவேண்டும் என்னும் கருத்து மேல்நாடுகளில் வேரூன்றிப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. எமது பல்கலைக் கழகங்களுக்கும் அது வேண்டியதே. ஆனால் பரிசு என்றதும் எம்மவர் மனக்கண்ணில் எழுவது யாது? ஒரு மேடை, ஒரு பொன்னாடை, வாழ்த்துரை வாசிப்போர் வரிசை, மறுநாட் பத்திரிகையிலே படம். இளைப்பாறும் வயதை அண்மித்த ஒருவரை அழைத்து, அவர் செய்து முடித்தவற்றை எடுத்துரைத்து, மாலை சூட்டி அனுப்பிவிடுகிறோம். பெரியோரைப் போற்றுவது நல்ல பண்புதான். எனினும், அத்தகைய பரிசு இன்னுமொன்று கூடுவதால் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவனுக்கோ, வகுப்பறைக்கு வெளியே வரி கட்டும் கமக்காரனுக்கோ ஆகப்போவது என்ன?

பரிசை அறுவடை முடிந்த பின்னர்தான் கொடுக்கவேண்டும் என்ற நியதி எங்குமில்லை. விதைப்புக்கு முன்னரும் கொடுக்கலாம். இவ்வகைப் பரிசைப் பொறுத்தவரை, விதைப்புக்கு முன்னர் கொடுப்பதே அறிவுடைமை என்பது எமது துணிபு.

2002ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஹவார்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம் செய்த காரியத்தைப் பாருங்கள். ஆராய்ச்சியிற் பெயர் பெற்ற 20 விஞ்ஞானிகளைத் தெரிந்தெடுத்து, நான்கு ஆண்டுக் காலத்துக்கென ஒவ்வொருவருக்கும் 10 இலட்சம் டொலரை அது வழங்கியது. அவர்களுடைய ஆய்வுகூடங்களைப் பெருப்பிப்பதற்காக அன்று அப்பணம். ஆராய்ச்சியிலே காட்டிய அதே கற்பனை வளத்தையும் ஊக்கத்தையும் பட்ட வகுப்பு மாணவருக்குக் கற்பிப்பதிலும் காட்டவேண்டும் என்பதே நிபந்தனை. செய்யப்போகும் வேலைக்காக முன்கூட்டியே கொடுத்த பரிசு அது.

அந்த இருபதின்மருள் ஒருவர் பிற்ஸ்பேர்க் பல்கலைக் கழகப் பேராசிரியர் கிரகாம் ஹற்புல். பற்றீரியாக்களைத் தாக்கி அழிக்கும் நுண்ணிய வைரசுகளை ஆராய்பவர். இவ்வைரசுகள் மண்ணிலும் நீரிலும் அழுகிய பொருளிலும் எங்கும் நிறைந்திருப்பவை, எண்ணித் தொலையாதவை, பெரும்பாலானவை எவரும் பார்த்தறியாதவை. ஆகவே, விஞ்ஞானத்தில் அரிச்சுவடி கற்கும் மாணவன்கூட ஒரு பிடி மண்ணை எடுத்து வந்து, தக்க வழிகாட்டலுடன் வேலை செய்தால், உலகிலே எவரும் காணாத ஒன்றைக் கண்டுவிடலாம். ஹற்புல் இதனைப் பாடமாக்கினார். மாணவர் தாமே மண் எடுத்தனர். தாமே வைரசைப் பிரித்தெடுத்தனர். தாம் கண்டதற்குத் தாமே பெயரிட்டனர். அதன் மரபுக் குறிப்பையும் வாசித்தனர். 2008ஆம் ஆண்டிலிருந்து இது கல்லூரி முதலாண்டுப் பாடமாகப் பரவி, பின்னர் நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளிலே கற்பிக்கப்பட்டது.

இதனால் விளைந்தது மாணவரின் மகிழ்ச்சி மாத்திரந்தானா? 2010இல் தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரில், அழுகிப்போன கத்தரிக்காயொன்றிலிருந்து ஒரு மாணவி வைரசொன்றைப் பிரித்தெடுத்தாள். ‘சேறு’ என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டாள். சில ஆண்டுகளின் பின்னர், சுவாசப்பை மாற்றுச் சிகிச்சை பெற்ற பதினைந்து வயதுச் சிறுமியொருத்தி, எந்த மருந்துக்கும் அடங்காத கிருமித் தொற்றுடன் லண்டனிலே உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். வைத்தியர்கள் ஹற்புலின் உதவியை நாடினர். மாணவர் தேடிச் சேர்த்த பல்லாயிரம் வைரசுகளுள் மூன்று அச்சிறுமியின் கிருமிக்குப் பொருந்தின. அவற்றுள் இரண்டைத் திருத்தியமைக்க வேண்டியிருந்தது. கத்தரிக்காயிற் பிறந்த ‘சேறு’ உள்ளபடியே பயன்பட்டது. சிறுமியின் புண்கள் ஆறின, உடல் தேறினாள். தொற்று முற்றாக நீங்கிவிட்டது என்று வைத்தியர்கள் உரிமை கொண்டாடவில்லை. எனினும் 2019இல் வெளிவந்த அவ்வறிக்கையை மருத்துவ உலகம் வியப்போடு வாசித்தது. கத்தரிக்காய் அழுகினாற் குப்பையில் எறியும் எம்மவரும் அதைச் சிறிது யோசிக்கலாம்.

இளம் ஆசிரியரையே தேடிக் கொடுக்கும் பரிசும் அந்நாட்டிலே உண்டு. அதன் தேசிய விஞ்ஞான நிறுவகம் 1995இல் தொடங்கிய திட்டம், பதவி இன்னும் நிரந்தரமாகாத உதவிப் பேராசிரியருக்கு ஐந்தாண்டு உதவி அளித்தது. விண்ணப்பிப்பவர் தம் ஆராய்ச்சியும் போதனையும் எவ்வாறு ஒன்றுக்கொன்று துணை நிற்கும் என்பதைத் திட்டமாக எழுதிக் காட்டவேண்டும். பழக்கம் இறுகிப் போகுமுன் ஆளைப் பிடிக்கவேண்டும் என்ற சூட்சுமம் இதிலே தெரிகிறது.

“நல்ல ஆராய்ச்சியாளன் இயல்பாகவே நல்லாசிரியனாக இருப்பான், இதற்குப் பரிசு எதற்கு?” என்று கேட்போர் உண்டு. 1810இல் வில்ஹெல்ம் ஹம்போல்ட் பேர்ளின் பல்கலைக் கழகத்தை அமைத்த நாள்முதல் இந்நம்பிக்கை அறிஞர் மத்தியில் வேதவாக்குப்போல் நிலவிவருகிறது. 1996இல் ஜோன் ஹற்றியும் ஹேர்பேட் மார்ஷும் இவ்விடயம் பற்றிய 58 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டனர். ஆராய்ச்சித் திறனுக்கும் போதனைத் திறனுக்கும் இடையே அவர்கள் கண்ட தொடர்பு, முழுத் தொடர்பை ஒன்று எனக் கொண்டால், வெறும் 0.06. அதாவது, இல்லையென்றே சொல்லிவிடலாம். கெட்டிக்கார ஆராய்ச்சியாளன் வகுப்பிலே தூக்கம் வருவிப்பவனாகவும் இருக்கலாம். மாணவர் உள்ளத்தைக் கவர்ந்தவன் இருபது வருடத்துக்கு முந்திய குறிப்புகளையே வாசிப்பவனாகவும் இருக்கலாம். இரண்டும் தாமாகச் சேரமாட்டா. எவராவது முயன்று சேர்க்கவேண்டும். முயல்வதற்கு நேரமும் பொருளும் வேண்டும்.

எம் நாட்டிலே அவ்வாறு சேர்த்துக் காட்டியவர் இல்லையா? இருந்தனர். பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் செய்ததை மறக்கலாமா? மட்டக்களப்பிலும் மன்னாரிலும் கூத்தைத் தேடிச் சென்றார். ஏட்டிலே கிடந்த நாடகங்களைப் பதிப்பித்தார். மட்டக்களப்பின் ‘அலங்காரரூபன் நாடகம்’ 1962இல் அச்சேறியது. ஆராய்ச்சி என்பது அத்துடன் முடிந்திருக்கலாம். அவரோ அண்ணாவியாரை வரவழைத்துப் பல்கலைக் கழக மாணவரை ஆட வைத்தார். விடியவிடிய ஆடிய கூத்தைச் சுருக்கினார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என அறுபதுகளில் அவர் மேடையேற்றியவை பலர் அறிந்தவை. கூத்தைச் சுருக்கியமை சரியா என்று குறை சொன்னவர்களும் உளர். அது வேறு வாதம். அதே பேராதனையில் எதிரிவீர சரச்சந்திர சிங்கள நாட்டுக்கூத்தை ஆராய்ந்து 1956இல் ‘மனமே’யைத் தந்ததும் இவ்வழியிலேதான்.

இதன் பலனைக் கவனியுங்கள். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். கிழக்குப் பல்கலைக் கழகத்திலே பேராசிரியராக அமர்ந்து அடுத்த தலைமுறையை ஆட வைத்தார். ஆசிரியரின் ஆராய்ச்சி மாணவனின் உடம்பிலே ஏறி, மீண்டும் ஆராய்ச்சியாகி, மீண்டும் போதனையாயிற்று. எழுத்து வாசனை அதிகம் அறியாத அண்ணாவியாரும் அங்கே ஆசிரியராக நின்றார் என்பதையும் நாம் குறித்துக்கொள்ளவேண்டும். பட்டதாரிகள் அவர் காலடியிற் பயின்றனர்.

இன்று எமது பல்கலைக் கழகங்களிலே நிலைமை யாது? பதவியுயர்வுக்குப் புள்ளி வழங்கும் முறையில் போதனைக்கும் இடமுண்டு, ஆராய்ச்சிக்கும் இடமுண்டு. ஆனால் அவை வெவ்வேறு பெட்டிகள். இரண்டையும் இணைப்பதற்கென்று ஒரு பெட்டி இல்லை. ஆகவே, மாணவர் நாற்பது பேரையும் தோட்டத்துக்கு அழைத்துச் செல்லும் இளம் விரிவுரையாளர், அந்த நாட்களைத் தம் கட்டுரையிலிருந்து களவு கொடுத்தவராகிறார். அறையைப் பூட்டிக்கொண்டு எழுதியவர் முந்திவிடுகிறார். இதிலே தனிமனிதரைக் குறைகூறிப் பயனில்லை. வாய்க்கால் எப்பக்கம் வெட்டப்பட்டதோ அப்பக்கந்தான் நீர் ஓடும்.

விவசாயத்தையே எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்தின் விவசாய பீடம் 1990இல் தொடங்கப்பட்டது. போரின் அலைக்கழிவுக்குப் பின்னர் இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகிறது. குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றில்லை. மாரி மழை சுண்ணக்கல்லுள் இறங்கித் தங்குவதே எமது குடிநீரும் இறைப்பு நீருமாகும். வலிகாமத்துச் செம்மண்ணிலே வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இடும் பசளையில் பயிர் உண்டது போக மிஞ்சியதும், மலசலகூடக் குழிகளிலிருந்து கசிவதும் அதே நீரிலே போய்ச் சேருகின்றன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. எமது கிணறுகள் பல அவ்வரையறையைத் தாண்டியவை என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தைக்கு அந்நீர் ஆபத்தானது.

ஆய்வுகள் இருக்கின்றன, கிணற்றுக்குச் சொந்தக்காரருக்குத்தான் தம் கிணற்றின் கதை தெரியாது. ஓர் ஆய்வாளர் வந்தார், போத்தலிலே தண்ணீர் அள்ளினார், போய்விட்டார். கட்டுரை ஆங்கிலத்தில் எங்கோ வெளியாயிற்று. போதனா மொழியும் ஆங்கிலமே ஆதலால், தமிழ்ப் பிள்ளையொன்று தமிழ்க் கமக்காரரின் கிணற்றைப் பற்றி அவருக்கு விளங்காத மொழியில் எழுதிப் பட்டம் பெறுகிறது. இதைவிட வேடிக்கை வேறுண்டா?

இதே காரியம் வேறு விதமாக நடக்கட்டும். முதலாண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கிணறு ஒப்படைக்கப்படட்டும். முடிந்தால் அவரவர் ஊர்க் கிணறு. மாரிக்கு முன் ஓர் அளவு, மாரிக்குப் பின் ஓர் அளவு, கோடை முற்றியபின் ஓர் அளவு. எவ்வளவு யூரியா இட்டார்கள், எத்தனை நாட்களுக்கொரு தடவை இறைத்தார்கள் என்ற விவரமும் சேரட்டும். இரசாயனம், மண்ணியல், புள்ளிவிவரம் ஆகிய மூன்று பாடங்களும் அந்த ஒரு கிணற்றிலிருந்தே ஊறும். நான்காண்டில் பட்டம் பெற்றுச் செல்கையில் கிணற்றை இளையவரிடம் கையளித்துச் செல்லட்டும். பத்து வருடத்திலே நூற்றுக்கணக்கான கிணறுகளின் தொடர்ச்சியான பதிவு எம் கையில் இருக்கும். பிறநாட்டு நிபுணர் எவரும் அதைச் செய்து தரப்போவதில்லை.

இதற்கு 10 இலட்சம் டொலர் வேண்டாம். வேண்டியவை சில ஆய்வுகூடப் பொருட்கள், ஒரு வாகனம், எல்லாவற்றுக்கும் மேலாக ஆசிரியருக்குச் சிறிது ஓய்ந்த நேரம். பரிசு பெறும் விரிவுரையாளரின் விரிவுரைப் பாரத்தில் மூன்றிலொரு பங்கை மூன்றாண்டுக்குக் குறைத்து, அதனைச் சுமக்க ஓர் உதவி விரிவுரையாளரை நியமித்தாலே பெரும்பகுதி முடிந்துவிடும். வெளிநாடுகளிலுள்ள பழைய மாணவர் சங்கங்கள் வளைவுகளுக்கும் மண்டபங்களுக்கும் மனமுவந்து கொடுக்கின்றன. ஓர் இளம் ஆசிரியரின் மூன்றாண்டு நேரத்தை வாங்கிக் கொடுத்தால் கல்லிலே பெயர் பொறிக்க இடமிராது என்பது உண்மைதான். அதைப் பொறுத்துக்கொள்வார்களாக.

செல்வாக்குள்ளவருக்கே பரிசு போய்ச் சேரும் என்ற ஐயம் நியாயமானது. எமது ஊர் வழமையை அறிந்த எவரும் அதைச் சிரித்துத் தள்ளமாட்டார். ஆகவே தெரிவு செய்வோர் எல்லோரும் பேராசிரியராக இருத்தல் ஆகாது. அவர்களுள் ஒருவர் அப்பாடத்தை முடித்து வெளியேறிய பட்டதாரியாக இருக்கட்டும். விவசாய பீடமாயின் ஒருவர் கமக்காரர். மருத்துவ பீடமாயின் ஒரு கிராமத்துத் தாதி. கலைப் பீடமாயின் அண்ணாவியார் ஒருவர் அமரட்டும். விண்ணப்பத்தின் ஒரு பிரதி தமிழில் இருக்கவேண்டும். ஒவ்வோராண்டும் கண்டறிந்ததை மாணவரே அந்த ஊர்ச் சனசமூக நிலையத்தில் தமிழில் எடுத்துச் சொல்லவேண்டும். சொல்லாவிடின் அடுத்த ஆண்டுப் பணம் நிற்கவேண்டும். வயதெல்லையும் வேண்டும். சிரேஷ்ட பேராசிரியர்களுக்கு வேறு பரிசுகள் உண்டு. அவர்கள் இதிலே கை வைக்காதிருப்பார்களாக.

முதலாண்டில் ஒரே ஒரு பரிசு போதும். அது கிளிநொச்சிக்கா, வந்தாறுமூலைக்கா என்ற இழுபறியை இப்போதே தொடங்கவேண்டியதில்லை. திட்டத்தைப் பார்த்துக் கொடுக்கலாம். ஐப்பசியில் மாரி பிடித்துவிடும். அதற்கு முன் கிணறுகளில் முதல் அளவு எடுக்கப்படவேண்டுமாயின், தெரிவு ஆவணிக்குள் முடிந்தாக வேண்டும்.